சொட்டாத கசிவு: தாளடி உழவில் நின்றுபோன டிராக்டர்

நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிகிற கோரையாற்றுப் பாசனத்தில் என் தாய்மாமாவுக்கு 5 ஏக்கர் நிலம். குறுவை அறுத்த கையோடு தாளடிக்குச் சேறு அடித்துக்கொண்டிருந்த ஐப்பசி முதல் வாரம். நாற்றுக்கு 28 நாள் ஆகியிருந்தது, நடவாட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வண்டி நின்றுவிட்டது.

வண்டிக்கு வயது முப்பதைத் தாண்டும். 35 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். டீசலை அழுத்தி சிலிண்டர்களுக்கு அனுப்புகிற டீசல் பம்ப் ரோட்டரி வகை. டேங்க் பானெட்டுக்குள் என்ஜினுக்கு மேலே இருக்கிறது, சுமார் 45 லிட்டர் பிடிக்கும். கிலோமீட்டர், மணிக்கணக்கு என்று எதுவும் சொல்ல முடியாது. மீட்டர் முள் நின்று பல வருடம் ஆகிறது.

நான் மன்னார்குடியில் டீசல் என்ஜின் வேலை பார்க்கிறவன். மூன்றாம் நாள் இரவு மாமா போன் செய்தார். "மாப்ள, டீசல் பம்ப்பு போயிடுச்சாம். கழட்டி கும்பகோணம் அனுப்பணுங்கறாங்க. பன்னெண்டாயிரத்துக்குக் குறையாதாம். நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

அதுவரை நடந்ததை டிரைவர் அண்ணன் வாயாலேயே கேட்டு வரிசையாக எழுதிக்கொண்டேன். பழைய வண்டி வேலையில் பாதி இந்த வரிசைதான்.

முதல் நாள் காலையில் செல்ஃப் அடித்த அரைச் சுற்றில் பிடித்திருக்கிறது. சேற்றில் ஓட்டுவதற்கான இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலை மாட்டி வயலில் இறக்கியிருக்கிறார்கள். அரை மணி நேரம் போல ஓடியதும் இழுவை குறைந்து, இரண்டு தடவை விக்கி, நின்றுவிட்டது. அப்புறம் செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அடித்து அடித்துப் பேட்டரி இறங்கிப்போனது. பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து ஃபில்டரில் ஏர் எடுத்து (டீசல் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றி), வேறு வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிட்டார். சாயங்காலம் மறுபடி அதே கதை. இரண்டாம் நாள் ஃபில்டர் இரண்டும் மாற்றினார்கள், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி ஃபில்டருக்குத் தள்ளுகிற ஃபீட் பம்பும் மாற்றினார்கள். வண்டி ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு நின்றது. மூன்றாம் நாள் பங்கில் டீசல் சரியில்லை என்று சந்தேகப்பட்டு, டேங்கைக் காலி செய்து, வேறு பங்கில் வாங்கி முழுசாக நிரப்பினார்கள். 25 நிமிடத்தில் நின்றது. அதற்கு மேல் மிச்சமிருந்த சாமான் டீசல் பம்ப் ஒன்றுதான், அதனால் பழி அதன் மேல் விழுந்தது.

அந்த மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். நடவு நேரத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு வண்டி பார்க்கிற ஆள், கிளப்பிவிட்டு அடுத்த வயலுக்கு ஓடத்தான் முடியும்.

காலை 7 மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வண்டியை எப்படியோ கிளப்பிக் களத்துக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். முதல் வேலையாக ஸ்டாப் குமிழ் முழுசாக உள்ளே போகிறதா என்று பார்த்தேன். சிரிக்க வேண்டாம். அந்தக் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றால் பம்ப் டீசலை விடவே விடாது, அதற்காக மட்டும் என்னை இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டவர்கள் உண்டு. இங்கே குமிழ் சரியாக இருந்தது.

அடுத்து சைலன்சர் வாயைப் பார்த்துக்கொண்டே செல்ஃப் அடிக்கச் சொன்னேன். டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது, அந்தச் சூட்டில் தூவிய டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். கம்ப்ரஷன், டைமிங், செல்ஃபின் வேகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போய்ச் சேரவில்லை. இந்த வண்டியில் பத்து விநாடி அடித்தும் ஒரு இழை புகை இல்லை. ரிங், வால்வு, ஏர் ஃபில்டர் பக்கமெல்லாம் போக வேண்டியதில்லை என்று அதிலேயே முடிவாகிவிட்டது.

ஆனால் செல்ஃப் சுற்றிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டரி ராத்திரி முழுக்கச் சார்ஜில் இருந்தது. செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரி முனையில் 10.9 வோல்ட், செல்ஃபுக்குப் போய்ச் சேர்வது 9.3தான். பேட்டரியின் மைனஸ் முனைக்கும் என்ஜின் உடம்புக்கும் இடையில் மட்டும் 1.4 வோல்ட் காணாமல் போகிறது. எர்த் பட்டையைக் கழற்றினால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. சேற்றுத் தண்ணீர் செய்த வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினேன். காணாமல் போனது 0.2 ஆகக் குறைந்தது, செல்ஃபின் சத்தமே மாறிவிட்டது. மூன்று நாளில் இரண்டு தடவை பேட்டரி இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். வண்டி நின்றதற்கு இது காரணமில்லை. இந்த மாதிரிப் பழைய டீசல் என்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பேட்டரி தேவையே இல்லையே.

அப்புறம் டீசல் பாதை. ஃபில்டர் தலையில் இருக்கிற ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அசைத்தேன். கை லொடலொடவென்று ஆடுகிறது, பிடிமானமே இல்லை. டிரைவர் அண்ணன் உடனே, "பழசும் இப்படித்தாங்க இருந்துச்சு, அதான் மாத்துனாங்க" என்றார். இது பல பேர் ஏமாறுகிற இடம். உள்ளே கேம் மேடு ஃபீட் பம்பின் கையைத் தூக்கிப் பிடித்திருக்கிற நிலையில் என்ஜின் நின்றிருந்தால், வெளிக் கைப்பிடிக்கு வேலையே இருக்காது. செல்ஃபை ஒரே ஒரு தட்டு தட்டி என்ஜினை நகர்த்தினேன், பிடிமானம் வந்துவிட்டது. கழற்றிப் போட்டிருந்த பழைய ஃபீட் பம்பை எடுத்து, உறிஞ்சுகிற வாயில் கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்த்தேன். விரலைப் பிடித்து இழுத்தது. நல்ல பம்பு. துடைத்து டூல்ஸ் பெட்டியில் போட்டுவைக்கச் சொன்னேன்.

ஸ்குரூ வழியாக வந்தது டீசல் இல்லை, நுரை. டீ ஆற்றும்போது வருமே, அந்த மாதிரிப் பொடிப்பொடியான நுரை. இருபது முப்பது தடவை கைப்பிடி அடித்த பிறகுதான் தெளிந்து கட்டியாக வந்தது. ஃபில்டர் ஸ்குரூவை மூடி, பம்பின் பக்கவாட்டு ஸ்குரூ, அதற்கப்புறம் பம்பின் மேல் மூடி ஸ்குரூ என்று இதே வரிசையில் காற்றை வெளியேற்றினேன். கடைசியில், சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற நாசில்களுக்குப் போகும் பைப்புகளின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுசாக வைத்து, செல்ஃப். மூன்றிலும் டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்கிவிட்டேன். இந்த இடத்தில் விரலை வைத்துச் சோதிக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது ஆஸ்பத்திரிக் கேஸ்.

வண்டி பிடித்தது. களத்தில் நிறுத்தி ஓடவிட்டேன். 40 நிமிடம் ஒரு விக்கல் இல்லை. மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "சரி மாப்ள, எர்த்துலதான் கோளாறு போலருக்கு. காபி குடிச்சிட்டுக் கெளம்பு" என்றார். நானும் கிளம்பத்தான் இருந்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த நுரைக்கான காற்று எங்கிருந்து வந்தது? மூன்று நாளில் மூன்று முறை ஏர் எடுத்திருக்கிறார்கள். எடுக்க எடுக்க வருகிறது என்றால் எங்கிருந்தோ நுழைந்துகொண்டே இருக்கிறது. வண்டியைச் சுற்றிப் பார்த்தால் ஒரு இடத்திலும் டீசல் சொட்டவில்லை. எல்லாரும் சொட்டுகிற இடத்தைத் தேடியிருக்கிறார்கள், நானும் அதையேதான் தேடினேன். ஆனால் டெல்டாவில் ஆயில் என்ஜின் வைத்து வாய்க்காலில் தண்ணீர் இறைத்த யாருக்கும் இது தெரிந்த விஷயம்தான். உறிஞ்சு குழாயில் ஊசி முனை ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும், பம்ப் தண்ணீரை விட்டுவிடும். டிராக்டரில் டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ளது அப்படிப்பட்ட உறிஞ்சு குழாய். அதற்கு அப்பால் தள்ளுகிற பக்கம், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வந்தே தீரும்.

சரி, ஆனால் ஒரு முரண் இருந்தது. டேங்க் மேலே இருக்கிறது. டீசல் தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. அப்படியிருக்க அந்தக் குழாயில் உறிஞ்சல் எதற்கு வரவேண்டும்?

காபி ஆறிக்கொண்டிருந்தபோது டிரைவர் அண்ணன் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். "டேங்க்கு ஃபுல்லா அடிச்ச அன்னிக்குத்தாங்க சீக்கிரம் நிக்குது. பாதி இருந்தா ரொம்ப நேரம் ஓடுது." இதனால்தான் பங்க் டீசல் மேல் சந்தேகம் வந்ததாம், புது டீசல் ஊற்றினால் நிற்கிறது என்று. குறிப்பைத் திருப்பிப் பார்த்தேன். முழு டேங்க், 25 நிமிடம். பாதி டேங்க், ஒன்றரை மணி நேரம். டீசல் குறையக் குறைய ஓடுகிற வண்டியை நான் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டுக்குப் பின்னால் மாமா ஒரு அறை கட்டிக்கொண்டிருந்தார். கொத்தனார் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற தெளிவான பிளாஸ்டிக் மட்டக்குழாய் சுவரோரம் சுருட்டிக் கிடந்தது. அதில் அரை மீட்டர் அறுத்து, டீசலில் வரும் தண்ணீரும் அழுக்கும் தங்குவதற்காக டேங்க் அடியில் இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்துக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே, பழைய ரப்பர் குழாய்க்குப் பதிலாக மாட்டி கிளிப் போட்டேன். உள்ளே ஓடுகிற டீசலைக் கண்ணால் பார்க்கலாம். டேங்கைக் கழுத்து வரைக்கும் நிரப்பச் சொன்னேன். களத்தில் சும்மா ஓடவிட்டுப் பார்த்தது என் தப்பு. சும்மா ஓடும்போது அந்த என்ஜின் குடிப்பது கொஞ்சம், சேற்றில் கேஜ் வீலோடு இழுக்கும்போது அதைப்போல மூன்று நான்கு மடங்கு. கோளாறு வயலில் வருகிறது என்றால் வயலில்தான் தேட வேண்டும். ஒரு பக்க பானெட் தட்டைக் கழற்றிவிட்டு, மட்கார்டில் தொற்றிக்கொண்டு குழாயைப் பார்த்தபடியே சேற்றில் இறங்கினோம்.

பத்து நிமிடம் குழாயில் ஓட்டமே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. 15 நிமிடத்தில் ஒரு முத்து போச்சு. கடுகு அளவு. அப்புறம் இரண்டு, மூன்று, பிறகு மணி கோத்த மாதிரி வரிசையாக. அதைவிட என் கண்ணில் பட்டது வேறு: என்ஜின் சூட்டில் இளகியிருந்த மட்டக்குழாய் உருண்டையாக இல்லை. இரண்டு பக்கமும் லேசாகச் சப்பையாகிக்கொண்டிருந்தது, சர்பத்தின் அடியில் ஸ்ட்ரா ஒட்டுவது போல. ஃபீட் பம்ப் இழுக்கிறது, மேலிருந்து டீசல் வர மறுக்கிறது. 22ஆவது நிமிடம் என்ஜின் விக்கியது.

"அண்ணே, டேங்க் மூடியத் திறங்க!"

திறந்தார். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. என் கண் முன்னாலேயே குழாய் உருண்டையானது, முத்துக்கள் நின்றன, நிற்கப்போன என்ஜின் இரண்டு தும்மல் போட்டுவிட்டு எழுந்து இழுக்க ஆரம்பித்தது.

மூடிக்கு அடியில், டேங்க் வாயை மூடிப் பதவிசாக விரித்திருந்தது ஒரு அரை லிட்டர் பால் கவர். கழுவி, நறுக்கி, இரண்டாக மடித்தது.

போட்டது மாமா. புரட்டாசி மழையில் மூடியின் பழைய ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது, கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரைப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறார். பயந்தது நியாயமே. இந்த ரோட்டரி பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, உள்ளே ஓடுகிற டீசலே அதற்கு எண்ணெய். தண்ணீர் போனால் பம்ப் துருப்பிடித்து இறுகிவிடும். ஆனால் டேங்க் மூடியில் ஒரு மூச்சுத் துவாரம் இருக்கிறது. டீசல் குறைந்த இடத்துக்குக் காற்று போவது அது வழியாகத்தான். பால் கவர் அதை அடைத்துவிட்டது.

முழு டேங்கில் ஏன் சீக்கிரம் நிற்கிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. கழுத்து வரை நிரப்பினால் மேலே 3 லிட்டர் காற்றுதான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசல் செலவானதும் அந்த 3 லிட்டர் காற்று 4 லிட்டர் இடத்தை நிரப்ப வேண்டும், அழுத்தம் முக்கால் பங்காக இறங்கிவிடும். குறைந்த கால் பங்கு என்பது சுமார் இரண்டரை மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுப்பதற்குச் சமம். டேங்கின் உயரமெல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்? பாதி டேங்கில் மேலே 22 லிட்டர் காற்று. அதே ஒரு லிட்டர் செலவானால் 22, 23 ஆகிறது, அழுத்தம் நூற்றுக்கு நான்கு, ஐந்துதான் குறைகிறது. கவர் அங்கங்கே கொஞ்சம் காற்று விடும் என்பதால் நேரம் கணக்கைவிடச் சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு முறையும் ஏர் எடுத்ததும் வண்டி ஓடியதற்கும் காரணம் இதுதான். ஏர் எடுக்க வருகிறவர் முதலில் டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார். அந்த நொடியே டேங்க் மூச்சு விட்டுவிடும். பார்த்து முடித்ததும் டிரைவர் அண்ணன் கவரைப் பொறுப்பாகத் திரும்ப விரித்து மூடியிருக்கிறார். யாரும் எதையும் மறைக்கவில்லை. கவர் அங்கே இருப்பது மூன்று பேருக்குத் தெரியும். நான் வரிசையாக இத்தனை கேள்வி கேட்டேனே, சமீபத்தில் வண்டியில் புதிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தால் காலை ஏழேகாலுக்கே வேலை முடிந்திருக்கும்.

காற்று நுழைந்த வழியும் பாக்கி இருந்தது. முத்துக்கள் ஃபீட் பம்புக்கு முன்னாலேயே தெரிந்ததால், அதற்கு அப்பால் மாற்றிய ஃபில்டர், பம்ப் எதற்கும் இதில் சம்பந்தமில்லை. மிச்சம் இருப்பது டேங்க் அடியில் டீசலைத் திறந்து மூடுகிற டேப்பும் கண்ணாடிக் கிண்ணமும்தான். டேப் இணைப்பைச் சுற்றி ஒட்டியிருந்த சேறு மற்ற இடத்தில் வெளுத்துக் காய்ந்திருக்க, ஒரு இடத்தில் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன், டீசல். சொட்டுகிற அளவுக்கு இல்லை, வியர்க்கிற அளவுக்கு. வெளியே வியர்க்கிற அந்த இடம் டேங்க் இழுக்கும்போது உள்ளே காற்றை விட்டிருக்கிறது. காப்பர் வாஷர் பல வருடம் இறுக்கி இறுக்கிக் கெட்டியாகிவிட்டிருந்தது. புதுசு கையில் இல்லை. அடுப்பில் வைத்துச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி இளகிவிடும். அத்தை தோசை ஊற்றிக்கொண்டிருந்த அடுப்பில் இரண்டு நிமிடம் இடம் கேட்டேன். கண்ணாடிக் கிண்ணத்தின் ரப்பர் வளையத்தை மட்டும் நீடாமங்கலத்தில் வாங்கி வரச் சொன்னோம். கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் பாதரசம் மாதிரி உருளுகிற தண்ணீர் கால் டம்ளர் இருந்தது. மாமாவின் பயம் அந்த அளவுக்கு உண்மை.

எல்லாம் மாட்டி, ஏர் எடுத்து, முழு டேங்கோடு மதியத்துக்கு மேல் மூன்று மணி நேரம் சேறு அடித்தோம். நிற்கவில்லை. டீசல் பம்பை நான் தொடவே இல்லை. கும்பகோணத்துக்குப் போகவிருந்த 12,000 ரூபாய் மிஞ்சியது, இரண்டாம் நாள் மாற்றிய ஃபீட் பம்ப் காசுதான் வீண்.

"சரி மாப்ள, மழை பெஞ்சா அப்ப என்னதான் பண்றது?" என்றார் மாமா. புது மூடி வாங்கச் சொன்னேன், ரப்பரோடு வரும், மூச்சுத் துவாரமும் இருக்கும். அது வரும்வரை, மழைக்கு சைலன்சர் மேல் கவிழ்த்து வைக்கிறாரே கொட்டாங்கச்சி, அதேபோல ஒன்றை மூடிக்கு மேல் தளர்வாகக் கவிழ்த்தால் போதும். தண்ணீர் வழிந்துவிடும், காற்று போகும். வண்டி நிற்கிற நாட்களில் வாரம் ஒரு முறை கிண்ணத்தைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மட்டக்குழாயைக் கழற்றிப் பழைய ரப்பர் குழாயையே போட்டுவிட்டேன். டீசல் பட்டுப்பட்டு அந்தப் பிளாஸ்டிக் சீக்கிரம் விறைத்துவிடும், அதைச் சோதனைக்குத்தான் நம்பலாம். டிரைவர் அண்ணனுக்கு அது போனதில் வருத்தம். "ஓடறத பாத்துக்கிட்டே இருக்கலாங்க" என்றார்.

மறுநாள் காலை மாமா போன் செய்தார். வண்டி நன்றாக ஓடுகிறதாம். கொத்தனார்தான் மட்டக்குழாய் அரை மீட்டர் எப்படிக் குறைந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.